மிஷின் எடுக்காத விரல்

2017 ஜனவரி 9, திங்கள்

காலையில் பனி. கொடியில் காய்ந்த துணியெல்லாம் நிலக்கரித் தூசி, மறுபடி அலச வேண்டும். வாங்க: பால், பாப்பாவுக்கு இருமல் மருந்து.

மதியம் பாப்பாவின் அப்பா போன். ஜெர்மனியில் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, புகலிடம் கேட்டு மனுவும் கொடுத்தாயிற்று. அங்கேயும் பத்து விரலையும் மிஷினில் வைத்தார்களாம்.

"இத்தாலியில எறங்கினப்பவும் வச்சீங்களே?"

"அட, நம்ம காண்ட்ராக்டர் மிஷினே எடுக்காத விரலு. அது எடுத்துடுமா?"

சிரிக்கிறார். சிமெண்ட் கலந்தே ரேகை தேய்ந்த கை. சுரங்கக் குவார்ட்டர்ஸ் பூச்சு வேலையில் வருகை மிஷின் ஒருநாளும் அவரை ஏற்றதில்லை. சூப்பர்வைசர் திட்டிக்கொண்டே கையெழுத்து வாங்குவார். எனக்கு என்னவோ பயமாகவே இருக்கிறது.

ஜன. 11, புதன்

ரவி அண்ணன் வந்தார். இங்கே உள்ள இலங்கை அகதி முகாமில் இவரோடு வளர்ந்தவர்.

"ஐரோப்பா பூரா ஒரே சட்டம் தங்கச்சி. மொதல்ல எங்க ரேகை வச்சாரோ அந்த நாடுதான் விசாரிக்கும். கம்ப்யூட்டரும் எல்லாருக்கும் ஒண்ணு. என் தம்பிய இத்தாலிக்கே திருப்பிட்டாங்க. ரயில்வே ஸ்டேஷன்ல படுத்துக்கினு இருக்கான்."

இங்கே ஒரு காண்ட்ராக்டர் விரட்டினால் இன்னொருவரிடம் பேர் கொடுக்கலாம். நாடுகளும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார் மனுஷன். ஊரைவிட்டுக் கிளம்பும்போது அவர் சொன்னது: "வேலையும் பர்மனென்ட் இல்ல, நாடும் பர்மனென்ட் இல்ல. உங்க ரெண்டு பேரையாவது அங்க கூப்டுக்கறேன்."

தூக்கமில்லை.

ஜன. 14, பொங்கல்

வீடியோவில் வந்தார். முகத்தில் தெளிவு.

"பாரு பாப்பா, அப்பா கை எவ்ளோ மெத்துன்னு ஆயிடுச்சு! இத்தாலிக்குப் போட் ஏறுறதுக்கு முன்ன லிபியாவுல மாசக்கணக்கா ரூமுக்குள்ளயே ஒக்காந்துகினு இருந்தேன். வேலையே இல்ல."

கட்டைவிரலை கேமராவுக்குக் கிட்டே நீட்டினார்.

"ஐ, அப்பா விரல்ல கோலம்!" என்றாள் பாப்பா.

பார்த்தேன். வரி வரியாக, பளிச்சென்று. ரேகை திரும்ப முளைத்திருக்கிறது. இத்தாலிக்குப் போகும் முன்பே முளைத்திருக்கும். பண்டிகை நாளில் எப்படிச் சொல்ல?

பிப். 21, செவ்வாய்

வெயில் சுள்ளென்று. கேஸ் புக் பண்ண வேண்டும்.

அவர் மெசேஜ்: "இத்தாலி மிஷின் எடுத்திருக்கு. அங்கயே அனுப்பறாங்க. எப்படி எடுத்துச்சுன்னே புரியல."

கொஞ்ச நேரத்தில் இன்னொன்று: "ஃபிரான்ஸ் போயி புதுசா கேக்கப் போறேன். விரல அடுப்புல சுட்டுக்கினா மிஷின் எடுக்காதுன்னு கேம்ப் ரூம்ல ஒருத்தன் சொல்றான். அடுப்பு பத்த வச்சிட்டான்."

'வேணாங்க, வேணாங்க' என்று அனுப்பினேன். கூப்பிட்டேன், ஸ்விட்ச் ஆஃப்.

என் மெசேஜுக்கு இன்னும் ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது.