அட்ஜஸ்ட் பண்ணிக்கோ

மார்ச் 3, செவ்வாய்

கடை திறந்ததும் முதல் ஆளாக ஒரு வாத்தியார். போன வாரம் வாங்கிய கண்ணாடி மூக்கில் நிற்கவில்லையாம். “குனிஞ்சா விழுதும்மா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக் குடுங்க.” காதில் மாட்டும் பகுதியைச் சூடு காட்டி வளைத்துக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். நின்றது. இந்த வேலை எனக்கு வரும்.

சாயங்காலம் வீட்டு வாசலில் தெரியாத செருப்பு. உள்ளே இவருடைய அக்கா, என் அண்ணி, மடியில் ஒரு பையோடு. வீட்டைவிட்டு வந்துவிட்டாராம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அண்ணிக்கு எங்கள் படுக்கையறை. மகள் ஹாஸ்டலில் இருப்பதால் அவள் அறை காலி. ஆனால் அங்கே ஒற்றைக் கட்டில்தான், முதுகு வலி என்று அது இவருக்கு. எனக்கு ஹாலில் சோபா.

இவர் சொன்னார், “கொஞ்ச நாள்தான். அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.”

சரி என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னேன் என்பதே தெரிந்தது.

மார்ச் 4, புதன்

சோபாவில் கால் நீட்ட முடியாது. மடக்கிக்கொண்டால் போதும்.

மார்ச் 8, ஞாயிறு

மகள் போன் செய்தாள். மொழிபெயர்ப்பு வகுப்பில் ஏதோ பயிற்சியாம். எல்லார் வாயிலும் புழங்கும் ஓர் இங்கிலீஷ் வார்த்தைக்குத் தமிழில் எத்தனை சொல் உண்டு என்று எழுத வேண்டுமாம்.

“நான் அட்ஜஸ்ட் எடுத்திருக்கேன்மா. அது உன் வார்த்தைதானே, நீ சொல்லு.”

விளையாட்டாகத்தான் சொன்னாள். சரிசெய் என்றேன். பொருத்து. அப்புறம் ஒத்துப்போ, பழகிக்கோ, விட்டுக்கொடு, சமாளி.

“மெதுவாம்மா, எழுதிக்கிறேன்.”

நிறுத்தாமல் வந்துகொண்டே இருந்தது. பொறுத்துக்கோ. கண்டுக்காதே. வாயை மூடிக்கோ.

“அம்மா, இதெல்லாம் அதுக்கு அர்த்தமா?”

தெரியவில்லை. நம் வீட்டில் அதுதான் அர்த்தம்.

மார்ச் 11, புதன்

எனக்கு வார விடுமுறை. இவர் ஆபீஸ் போனதும் அண்ணி சமையலறைக்கு வந்து நின்றார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நான் எதுவும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

“அடிக்கமாட்டார். குடிக்கமாட்டார். பேசவும் மாட்டார். உப்பு தீர்ந்துபோச்சுன்னா சுவத்தப் பார்த்து உப்பு இல்லைம்பார். இங்க வர்றதுக்கு முந்தின நாள் எனக்குக் காய்ச்சல். பாத்ரூம் வாசல்ல விழுந்துட்டேன். என்னைத் தாண்டிப் போய்ப் பல் தேய்ச்சார். தேய்ச்சு முடிச்சு மறுபடி தாண்டி வந்தார்.”

யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டேன்.

“முன்னாடியே அம்மாகிட்ட சொன்னேன், அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னா. தம்பிகிட்ட சொன்னேன், அவனும் அதையேதான் சொன்னான்.”

அழவில்லை. நானும் அழவில்லை. இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் வந்தது வெங்காயத்தால். நிஜமாகவே வெங்காயத்தால்தான்.

மார்ச் 12, வியாழன்

இன்று ஒரு பெண் வந்தாள், பெரிய ஃபிரேம், சின்ன முகம். திருத்திக்கொண்டிருக்கும்போது தோன்றியது. கண்ணாடி நிற்கவில்லை என்றால் கண்ணாடியைத்தானே வளைக்கிறோம்? மூக்கைத் திருகி யாரும் ஃபிரேமுக்குப் பொருத்துவதில்லை.

கோபம் வர வேண்டிய இடம் இது. வரவில்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

மார்ச் 14, சனி

அண்ணியின் வீட்டுக்காரர் வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். சோபாவில் என் போர்வையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். இவர் என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார்.

“நான் சொன்னா அக்கா சண்டைக்கு வருவா. நீ சொன்னா கேப்பா. அட்ஜஸ்ட் பண்ணிப் போகச் சொல்லு.”

உள்ளே போனேன். அண்ணி புடவை மடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“அனுப்பிவச்சானா?”

“ஆமா.”

“என்ன சொல்லச் சொன்னான்?”

வாய் திறந்தேன். எத்தனையோ தடவை கேட்ட வார்த்தை, எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்ட வார்த்தை. தொண்டைக்கு வரவில்லை. வீரம் எல்லாம் இல்லை. பாத்ரூம் வாசலும் அதைத் தாண்டிய காலும்தான் ஞாபகம் வந்தது.

“என்னால சொல்ல முடியாது அண்ணி.”

அவர் புடவையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வெளியே வந்து, “அண்ணி வரலையாம்,” என்றேன். வந்தவர் சுவரைப் பார்த்து, “அப்ப சரி,” என்றார். எழுந்து போனார். ஆப்பிளை எடுத்துக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் இவர் கத்தினார். “ஒரு வார்த்தை சொல்ல முடியலையா உன்னால? குடும்பமே போச்சு.” மாசக் கடைசிக்குள் அக்கா வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

நான் பாத்திரம் கழுவினேன்.

மார்ச் 15, ஞாயிறு

ஏன் பயமாக இல்லை எனக்கு? இருக்க வேண்டாமா?

மார்ச் 27, வெள்ளி

அண்ணிக்குத் திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை கிடைத்துவிட்டது. கடைக்கு மேலேயே ஓர் அறை, மாடிப்படி செங்குத்து. லீவு சொல்லிவிட்டு நான்தான் சாமான் தூக்கினேன். வீட்டுக்காரம்மா கேட்டார், “ஒருத்தரா ரெண்டு பேரா?”

“இப்போதைக்கு ஒருத்தி,” என்றார் அண்ணி. என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

ஏப்ரல் 2, வியாழன்

படுக்கையறை காலியாகி ஒரு வாரம். நான் இன்னும் சோபாவில்தான். இவர் மகள் அறையிலிருந்து எங்கள் கட்டிலுக்குத் திரும்பிவிட்டார். என்னை வரச் சொல்லவில்லை. மறந்துவிட்டாரோ? நானும் கேட்கவில்லை.

சாப்பிடும்போது சொன்னார், “இனிமே அக்காகிட்ட பேச்சுவார்த்தை வேணாம். கொஞ்ச நாளைக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.”

“முடியாதுங்க.”

டி.வி.யில் யாரோ பேசினார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, தலை நிமிரவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். அப்போது நிமிர்ந்தார்.

“அப்ப அவகூடயே போய் இரு.”

பேச்சுக்குச் சொன்னார். அது எனக்கும் தெரியும். தெரிந்தும், அதைக் கேட்டதும் முதுகு லேசானதே, அது ஏன்?

ஏப்ரல் 19, ஞாயிறு

பத்து மணிவரை தூங்கிவிட்டேன். அண்ணி எழுப்பவில்லை. கீழே கடையில் தையல் மெஷின் ஓடும் சத்தம். மகள் அடுத்த வாரம் வருகிறாளாம், மூன்று பேருக்கு இடம் இருக்குமா என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன். இவர் இரண்டு தடவை போன் செய்தார், கேஸ் புக் எங்கே என்று கேட்டார். சொன்னேன்.

அறை சின்னது. அண்ணி சுவரோரம் படுக்கிறார். எனக்கு ஜன்னல் பக்கம். ஜன்னல் பக்கம் வேண்டும் என்று நான்தான் கேட்டேன்.