நீ சாக்பீஸில் வரைந்த நான்கு குறிகள்

என் அன்புக்குரிய சிவகாமிக்கு,

நீ போய் ஒரு மாதம் ஆகிறது. இதற்கு முன் மூன்று தாள்களைக் கிழித்துப் போட்டேன். நாலு பேர் படிக்கிற பத்திரிகையில் நம் வீட்டுக் கதையை எழுதலாமா என்ற தயக்கம் இன்னும் இருக்கிறது. ஆனால் உன்னிடம் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முன் வீட்டுச் செய்தி.

உன் கருமாதி முடிந்த வாரம், பின்தெரு செல்வி வந்தாள். உன்னிடம் சாயங்காலம் இங்கிலீஷ் படித்த ஐந்து பிள்ளைகளில் ஒருத்தி, ஆறாம் வகுப்பு தர்ஷினி, இவள் மகள்தான். வாசற்படியில் நின்றுகொண்டே பேசினாள்.

“கோவிச்சுக்காதீங்கய்யா. டீச்சரம்மா இருந்தவரைக்கும் எங்களுக்குக் கவலையில்ல. இப்பப் பரிச்சை வருது. திங்கக்கெழமைலேர்ந்து அஞ்சு பிள்ளைகளையும் பஸ் ஸ்டாண்டுக்கு அங்கிட்டு ஒரு டியூசன்ல சேத்துரலாம்னு பேசிக்கிட்டோம்.”

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “அதுவரைக்கும் நான் சொல்லிக்குடுக்குறேம்மா” என்று வந்துவிட்டது. செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பார்க்க மாட்டாளா? எம்.ஏ. இங்கிலீஷ் படித்துவிட்டு, வகுப்பறையில் நிற்கப் பயந்து, புதுக்கோட்டையில் பத்திரங்களை நகலெடுத்தே ஓய்வு பெற்றவன். ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வரும் சத்தம் கேட்டாலே செருப்பை மாட்டிக்கொண்டு நூலகத்துக்கு நடந்துவிடுகிறவன்.

பரீட்சைக்கு முதலில் வரும் பாடம் வாக்கிய வகைகள். செய்தி, கேள்வி, கட்டளை, வியப்பு. இரண்டு நாள் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். நான்கு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் இலக்கணம், பத்துப் பத்து எடுத்துக்காட்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதைப் பார்த்து முக்கால் மணி நேரம் வாசித்தேன். இரண்டு பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். ஒருத்தி பாயில் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நான் தலை நிமிராமல் அடுத்த எடுத்துக்காட்டுக்குப் போனேன்.

அப்போது தர்ஷினி கேட்டாள். “தாத்தா, வாசக்கதவுல இருந்த கேள்விக்குறிய எங்க காணோம்?”

தப்பு இதுதான், சிவகாமி. கருமாதிக்கு முதல் நாள் வீட்டைக் கழுவியபோது, கதவிலும் சுவரிலும் இருந்த சாக்பீஸ் கோடுகளை ஈரத்துணியால் நானே துடைத்தேன். பிள்ளைகளின் கிறுக்கல் என்று நினைத்தேன். ஒரு வருஷமாக அவை கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தன. இது என்ன என்று உன்னிடம் ஒரு நாளாவது கேட்டேனா?

“நான்தாம்மா தொடச்சேன்” என்றேன்.

“ஐயோ, அது டீச்சர் போட்டது!” என்று ஐந்து பேரும் எழுந்துவிட்டார்கள். பிறகு அவர்கள்தான் எனக்குப் பாடம் நடத்தினார்கள். கேள்வி வாக்கியம் சொன்னால் வாசல் கதவுக்கு ஓட வேண்டுமாம், வருகிறவர்கள் எல்லாரும் அங்கே நின்றுதானே எதையாவது கேட்கிறார்கள். கட்டளைக்கு அடுப்படி வாசல் நிலை. அங்கே நீட்டிய விரல் ஒன்று வரைந்திருந்தாயாம், “அதை எடு, இதைக் கழுவு”ன்னு டீச்சர் அங்கதான சொல்லுவாங்க என்றார்கள். வியப்புக்குக் கொல்லைக் கதவு. திறந்தால் கொய்யா மரம். “வாட் எ பிக் குவாவா!” என்று கத்துகிறவருக்கு அந்தக் கொய்யா.

“செய்திக்கு?” என்றேன்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். தர்ஷினிதான் சொன்னாள். “ஒங்க நாக்காலி, தாத்தா. அதுக்குப் பின்னாடி செவுத்துல பெரிய புள்ளி. தாத்தா வாயத் தொறந்தா செய்திதான் வரும்னு டீச்சர் சொன்னாங்க. ‘கரண்டு போயிருச்சு. கொழம்புல உப்பு கூட. மழை வருது.’”

என் குரலை அப்படியே பேசிக் காட்டினாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என் நாற்காலியைச் சுற்றி ஒரு வருஷமாக இத்தனை சிரிப்பு நடந்திருக்கிறது, நான் நூலகத்தில் இருந்திருக்கிறேன்.

குறிப்பு நோட்டை மூடிவிட்டேன். தர்ஷினியிடமே சாக்பீஸைக் கொடுத்தேன். எந்தக் குறி எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பது வரை அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. பிறகு ஏழு மணி வரை வீடு முழுக்க ஓட்டம். சனி, ஞாயிறும் வந்தார்கள். கொய்யா மரத்தில் கைக்கு எட்டுகிற காய் ஒன்றுகூட இல்லை.

திங்கட்கிழமை செல்வி வந்தாள். “என்னங்கய்யா பண்ணுனீங்க? டியூசனுக்குக் கெளம்புடின்னா ஒரு பிள்ளையும் அசையமாட்டேங்குது. நீங்களே பாத்துக்கங்க.”

அவள் போன பிறகு நாற்காலியில் உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் அந்தப் புள்ளி. உன் கடைசி மாதங்கள் நினைவுக்கு வந்தன. தினமும் உன்னிடம் என்ன பேசினேன் என்று வரிசையாக யோசித்துப் பார்த்தேன். மாத்திரை மேசையில் இருக்கிறது. வெந்நீர் வைத்துவிட்டேன். டாக்டர் வியாழக்கிழமை வரச் சொன்னார். எல்லாம் நேரத்துக்குச் செய்தேன், அதில் குறை இல்லை. ஆனால் வலிக்கிறதா என்று கேட்கவில்லை. நீ ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். நான் இப்படிக் கேட்கப் பயப்படுகிறவன் என்று உனக்கு முன்பே தெரிந்திருந்ததா? தெரிந்துதான் எனக்கு அந்தப் புள்ளியைக் கொடுத்தாயா, அல்லது வெறும் கேலிதானா?

இனி ஐந்து மணிக்குச் செருப்பை மாட்ட மாட்டேன். நூலகத்துக்குக் காலையில் போய்க்கொள்கிறேன். பிள்ளைகள் வந்ததும், சாப்பிட்டீர்களா, இன்று பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று முதலில் கேட்பேன், பதில் வரும் வரை காத்திருப்பேன். வரும் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அந்த நான்கு இடங்களையும் விட்டுவிடச் சொல்வேன். இது சத்தியம்.

ரொம்ப வலித்ததா, சிவகாமி?

கேட்கத் தாமதித்துவிட்ட,
உன் வீட்டுக்காரன்.