கட்டிலுக்கு அடியில்

எர்லாங்கன், மேற்கு ஜெர்மனி, 12 ஜனவரி 1971, செவ்வாய்

வீட்டுக்காரம்மா ஹில்டாவோடு உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அவள் என் வாயைப் பொத்தி இழுத்துப்போய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். கதவு திறந்ததும் நிலக்கரி அள்ளும் இரும்புக் கரண்டியால் ஓங்கி அடித்தாள்.

விழுந்தது என் கணவர். எப்போதும் கீழேயே கழற்றிவிட்டு ஏறுபவர், இன்று குளிருக்குப் பயந்து பூட்ஸோடு வந்துவிட்டார். புருவத்தில் தையல்.

"எதிரிப் பட்டாளம் எங்க ஊரைப் பிடிச்சப்போ என்னை ஒளிச்சுவைக்க யாருமே இல்லைம்மா" என்று ரத்தத்தைத் துடைத்தபடி அழுதாள் ஹில்டா.

"அந்தம்மாவுக்குப் பைத்தியமா?" என்று கேட்டுவிட்டு இவர் தூங்கிவிட்டார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து எனக்குப் பூட்ஸ் மட்டும்தான் தெரிந்தது. இன்னும் அடி, இன்னும் அடி என்றுதான் நானும் நினைத்தேன்.