மும்பையில் நிற்கும் குதிரைகள்

மார்ச் 4
மாடிப்படியில் கீழ்வீட்டு ஜீவா. கம்பெனி வேலையை விட்டுவிட்டுக் கரையான்சாவடியில் குழந்தைகள் வந்து விளையாட ஒரு கடை போடுகிறான். சரக்கு துறைமுகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறது.
“உங்க கஸ்டம்ஸ்ல எவனோ ஏசில குந்திகினு கேள்வி கேட்டுகினே கீறான். பதினஞ்சாந்தேதி தொறப்பு!”
“என்ன சரக்கு?”
“சொல்ல மாட்டேன். வந்து பாரு.”

மார்ச் 5
ஆபீஸில் என் திரையில் இன்னும் அதே ஃபைல்: பேட்டரியில் ஆடும் குதிரைகள், ஆறு. பொம்மையா, ராட்டின வகையா? வரி வேறு, விதி வேறு. ஏற்கெனவே இரண்டு கேள்வி கேட்டாயிற்று; இன்று படமும் கேட்டு அனுப்பினேன். சரக்கு மும்பையில், நான் சென்னையில், இறக்குமதியாளர் ஏதோ டிரேடர்ஸ். எந்த ஊர் சரக்கை எந்த ஊர் அதிகாரி பார்ப்பது என்று கணினியே பிரித்துக் கொடுக்கிறது; யாருக்கும் முகம் இல்லை.

மேலதிகாரி சரவணக்குமார் சார் எட்டிப் பார்த்தார். “எங்க காலமா இருந்தா ஹார்பர் போய், பெட்டியைப் பிரிச்சு, நானே ஏறிப் பார்த்திருப்பேன். சுத்தி நாலு ஏஜென்ட் கை தட்டியிருப்பான்.”
“அப்புறம் டிபன் வாங்கித் தருவானா சார்?”
“அதுக்குத்தாம்மா இந்த ஏற்பாடே வந்தது.”

மார்ச் 6
படம் வந்தது. சாம்பிளுக்கென்று முன்பே வாங்கிய குதிரை. அதன்மேல் நைட்டி, தோளில் துண்டு, வாய் நிறையச் சிரிப்பு — கன்னியம்மா! ஜீவாவின் அம்மா. நேற்றுதான் எனக்கு மீன்குழம்பு கொடுத்தார்.

அந்த ‘எவனோ’ நான்.

பதில் சரிதான். ஒரு பொத்தான், குதிரை கிளம்பிவிடும். அழுத்தினால் அதிகாரியாக அழுத்துவேனா, குழம்பு சாப்பிட்டவளாகவா? எனக்கே தெரியலையே.

தெரிந்தவர் சரக்கு என்று சாரிடம் சொன்னேன். ஃபைல் வேறோர் ஊர் அதிகாரிக்குப் போயிற்று. இனி முதலிலிருந்து.

மார்ச் 7
ஜீவாவிடம் சொல்லிவிட்டேன்.
“அமுக்கி உட்டுட்டு அப்பால சொல்றதுக்கு இன்னா?”
கதவைச் சாத்திக்கொண்டான்.

மார்ச் 11
படியில் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கினான். கன்னியம்மா பேசினார்.
“போட்டோல நான் எப்டி இருந்தேன்?”
“ராணி மாதிரி.”
“அப்ப ஏன் பாஸ் போடல?”
இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

மார்ச் 14
அனுமதி கிடைத்துவிட்டதாம். மும்பையிலிருந்து லாரி வர இன்னும் நாளாகும். திறப்பு தள்ளிப்போனது. என்னால்.

மார்ச் 22
இன்று திறப்பு. அழைப்பு வரவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தேன். கன்னியம்மா போன் செய்தார், பின்னால் ஒரே கூச்சல்.
“ஊட்ல இன்னா பண்ற? அவன் குதிர சுச்சுல கைய வெச்சிகினு நிக்கிறான். ‘அந்த ஆபீசரம்மா வந்தாதான் போடுவேன்’ங்கறான். புள்ளைங்க கத்துதுங்க, ஓடியா!”

தலை சீவவில்லை. ஆட்டோ வந்துவிட்டது —