அடிக்காமல் விட்ட பெயர்

அரியலூர்
சர்வசித்து வருஷம் புரட்டாசி 26, ஞாயிறு
12-10-1947

சிரஞ்சீவி அமிர்தலிங்கத்துக்கு அப்பா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் தங்கை புஷ்பவல்லியும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருக்கிறோம், ஈப்போவில் நீயும் அப்படியே இருக்கிறாய் என்று தெரிந்தால் மனசு ஆறும். போன கடிதத்துக்கு முந்தின கடிதத்தில் இருமல் என்று எழுதினாய், பிறகு அதைப் பற்றி ஒரு வரி இல்லை, விடியற்காலையில் தோட்டத்துக்குப் போகும்போது காதில் துண்டைக் கட்டிக்கொள் என்றால் கேட்கிறாயா, கேட்கமாட்டாய், என் பிள்ளைதானே. புஷ்பவல்லியின் சின்னவள் நடக்க ஆரம்பித்து வீட்டில் ஒரு சாமானை வைத்த இடத்தில் வைக்க விடுவதில்லை. மழை சரியாக இறங்கவில்லை, கடலைக்கொடி வாடிக் கிடக்கிறது. நான் ஊரிலிருந்து நேற்றே இங்கே வந்துவிட்டேன், ஏன் வந்தேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா எங்கெங்கோ போகிறது.

நம் ஊர்ப் பஞ்சாயத்து போர்டு எலெக்ஷன் என்ன ஆச்சு என்று இரண்டு கடிதத்தில் கேட்டுவிட்டாய். தோற்றுவிட்டோம், ஒரே ஒரு ஓட்டில். பன்னிரண்டு வருஷமாக அதே பிரசிடெண்டுதான். குடிதண்ணீர்க் குளத்தில் மாடு இறங்காமல் ஒரு முள்வேலி போடக்கூட மனசு வராத மனுஷர். அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் நாலு வருஷத்துக்கு முன்னால் வாந்திபேதி வந்து ஒரே மாசத்தில் இருபத்தாறு பெரியவர்களை வாரிக்கொண்டு போனது, குழந்தைகள் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. போன எலெக்ஷனில் நானூறு பேரில் எழுபது பேர்தான் வந்தார்கள், அவர் ஆட்களே வந்து அவருக்கே போட்டுவிட்டுப் போனார்கள். இந்தத் தடவை வண்டிப்பட்டறை பழனிவேல் எதிர்த்து நின்றான், குடிதண்ணீருக்குத் தனிக் கிணறு வெட்டுவேன் என்று ஒரே ஒரு வாக்குத்தான் கொடுத்தான். நாங்கள் ஆறேழு பேர் இரண்டு மாசம் வீடு வீடாக ஏறி இறங்கினோம். அதான் கொடி ஏத்தியாச்சே, இன்னும் எங்க ஓட்டு எதுக்குங்க என்று கேட்டவர்களும் உண்டு. பெண்களைக் கிளப்பியது முத்தாயிதான், வடக்குத் தெருவில் இருக்கிறாளே, வாந்திபேதி வந்த அந்த மாசத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள். நா வெளிய வந்துட்டேன், ஒங்களுக்கு என்னடி வெக்கம் என்று கதவுக்குக் கதவு நின்று இழுத்து வந்தாள்.

ஓட்டர் பட்டியலில் அந்த இருபத்தாறு பேரும் அப்படியே இருந்தார்கள். இல்லாதவர் பெயரில் ஆள் விட்டு ஓட்டுப் போடுவது பிரசிடெண்ட் ஆட்களுக்குக் கைவந்த வேலை, அதனால் பெயர்களை அடிக்கச் சொல்லி மனு எழுதும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, இறந்துவிட்டார், இறந்துவிட்டார் என்று இருபத்தைந்து பேருக்கு எழுதிக் கைநாட்டு வாங்கினேன். இருபத்தாறாவதை எழுதவில்லை. கொளஞ்சியம்மாள், புருஷன் ராசாங்கம் என்று போட்டிருந்தது. உன் அம்மா பெயர் வேறெங்கும் அச்சில் வந்ததில்லை, எங்கள் கல்யாணத்துக்குப் பத்திரிகைகூட அடிக்கவில்லை. அதன்மேல் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு பெயர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று தாளை மடித்துவிட்டேன்.

ஓட்டு நடந்தது பள்ளிக்கூடத்தில். பழனிவேலுக்கு ஏஜெண்டாகப் பெண்கள் வரிசைப் பக்கம் நான் உட்கார்ந்தேன். ஆபீசர் வெளியூர்க்காரர், ஒவ்வொருத்தியிடமும் புருஷன் பெயரைக் கேட்பார், நம் பெண்கள் வாயைத் திறப்பார்களா, தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள், நான் எடுத்துச் சொல்வேன். காலையில் கள்ள ஓட்டுப் போட வந்த ஒருத்தி புருஷன் பெயரைக் கணீரென்று சொன்னாள், கட்டுனவ இப்படியா சொல்லுவா என்று முத்தாயி பிடித்துக்கொண்டாள், வரிசையே சிரித்தது, அவள் ஓடியே போனாள். முந்நூற்று நாற்பத்தொரு பேர் வந்தார்கள், ஊரில் யாரும் கண்டிராத கூட்டம்.

பிற்பகலில் ஆபீசர் ஒருத்தியின் சீட்டை வாங்கிக் கொளஞ்சியம்மாள் என்று வாசித்தார். நான் முன்பின் பார்த்திராதவள், முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டிருந்தாள். புருஷன் பேர் என்னம்மா என்றார். பேசவில்லை. மறுபடி கேட்டார். கால் கட்டைவிரலால் தரையைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். பயமோ, அப்படி நிற்கச் சொல்லிக் கொடுத்து அனுப்பினார்களோ எனக்குத் தெரியாது, உன் அம்மா வந்திருந்தால் அப்படித்தான் நின்றிருப்பாள். முத்தாயி ஆள் கூட்டிவரப் போயிருந்தாள். மூன்றாவது தடவை ஆபீசர் அதட்டினார். அவளை ஒருத்தர் அதட்டுவதா என்றுதான் எனக்குக் கோபம் வந்தது. ராசாங்கம் என்று சொல்லிவிட்டேன். என் பெயரை நானே சொன்னேனப்பா. அவள் திரைக்குப் பின்னால் போனாள், திரும்பி வரும்போது முகத்தைப் பார்க்கலாம் என்று காத்திருந்தேன், அந்தப் பக்க வாசல் வழியாகவே போய்விட்டாள். அந்த ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தேன், அதுதான் என்னைச் சுடுகிறது.

அன்றிலிருந்து சமையல்கட்டில் யாரோ தலைகுனிந்து நிற்கிற மாதிரியே இருக்கிறது. நான் திரும்பிப் பார்ப்பதில்லை, பார்த்தால் போய்விடுவாள். தினமும் முத்தாயி வந்து, அண்ணே அந்த ஒத்த ஓட்டு எப்படிப் போச்சுன்னு தெரியலியே என்று புலம்புவாள், எட்டு நாள் கேட்டுக்கொண்டு ஊமையாக இருந்தேன், ஒன்பதாம் நாள் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். எங்க வூட்டுக்காரர் பேரை அடிக்க நாந்தானேண்ணே கைநாட்டு வெச்சேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதற்குமேல் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை.

நாளைக்கு இங்கே முன்சீப்பு கோர்ட்டில் மனு போடுகிறோம். அந்த ஓட்டைத் தள்ளினால் இருவரும் சரிக்குச் சரி, எலெக்ஷனையே தள்ளிவிட்டு மறுபடி நடத்தச் சொல்லலாம், கிணறும் வரலாம் என்கிறார் வக்கீல். ஆனால் கொளஞ்சியம்மாள் இருக்கிறாரா இல்லையா என்று கேட்பார்கள், சத்தியம் செய்து நான்தான் பதில் சொல்ல வேண்டுமாம். அது நடந்தபோது மலாயாவுக்குத் தபால் இல்லை. சண்டை முடிந்து தபால் வந்தபோது உனக்கு எழுதியது உன் மாமா, நான் இல்லை. இந்த நாலு வருஷத்தில் அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதும் இல்லை, எழுதியதும் இல்லை. முதலில் உனக்கு எழுதினால்தான் நாளைக்கு நா எழும். அமிர்தலிங்கம், உன் அம்மா செத்துப்போய்விட்டாள்.

நீ நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். அங்கே தண்ணீர் எப்படியிருந்தாலும் காய்ச்சிக் குடி, மறந்துவிடாதே.

உன் அப்பா
ராசாங்கம்