கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

மார்ச் 3, செவ்வாய்

வைட்டமின் டி: எட்டு. குறைந்தது இருபது இருக்க வேண்டும். ஆதாரம், மாடி ஏறி வந்து ரத்தம் எடுத்துப்போன பரிசோதனைக்கூடத்தின் அச்சிட்ட தாள்.

ஜனவரியில், இரண்டாம் மாடித் திருப்பத்தில், தொடை இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் மடங்கிவிட்டன. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாற்காலியோடு தூக்கி நாலாம் மாடிக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு கீழே போகவில்லை. அறுபத்து நாலு படி. லிஃப்ட் கிடையாது.

டாக்டர் போனில் சொன்னது: சாப்பிடும் கால்சியம் உடம்பில் சேர இந்த வைட்டமின் வேண்டும், குறைந்தால் எலும்பும் தசையும் சேர்ந்து தளரும். வாரம் ஒரு மாத்திரை.

மார்ச் 4

மாத்திரை வேண்டாம் என்று முடிவு செய்தேன். காரணம் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கிறது. ஒன்பது வருடத்துக்கு முன் எங்கள் பத்திரிகையில் நான் எழுதிய கட்டுரை. மனைவி கத்தரித்துக் காந்தம் வைத்திருக்கிறாள். 'ஜன்னலோரம் தினமும் அரைமணி வெயிலில் உட்கார்ந்தால் போதும்.'

"ஊருக்கே வைத்தியம் சொன்னவரு மாத்திரைக்குப் போவாரா?" என்று சிரித்தாள்.

முன்னறை ஜன்னல் ஒரே கண்ணாடி. திறக்க வராது. வெயிலுக்குக் குறைவில்லை.

மார்ச் 19

வெயில் ஒன்பதரைக்கு முழங்காலுக்கு வருகிறது. பத்தே முக்காலுக்குச் சுவருக்குப் போய்விடுகிறது. கீழே பேருந்து நிறுத்தம். ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள். எல்லாருக்கும் தொடை இருக்கிறது.

ஏப்ரல் 9

கழிப்பறையில் எழ முடியவில்லை. கூப்பிட்டேன். வந்து தூக்கினாள்.

மே 5, செவ்வாய்

ஏழு. ஒன்பது வாரம் வெயில் காய்ந்து ஒரு புள்ளி இறக்கம்.

"எங்க உக்காந்தீங்க?" என்றார் டாக்டர்.

"ஜன்னல்கிட்ட."

"திறந்து வச்சா, மூடியா?"

சொன்னேன்.

"சார், கண்ணாடி வழியா சூடு வரும், வெளிச்சம் வரும். தோல்ல வைட்டமின் உண்டாக்குற கதிர் வராது. யாரு சொன்னா இப்படி?"

முப்பத்தொரு வருடம் நிருபராகப் பிறரிடம் நான் கேட்ட கேள்வி. பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். கட்டுரைக்காகப் பேசிய நிபுணர் சொன்னது 'வெயிலில்'. ஜன்னல் அவர் வாயில் வரவேயில்லை. வாக்கியம் நன்றாக இருக்கட்டும் என்று நான் சேர்த்தது.

முதல் மாத்திரை இன்று.

மே 6

மனைவியிடம் சொன்னேன். அதே ஜன்னலோரம் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அப்ப நான்?"

"உனக்கென்ன?"

"நீங்க எழுதினதுலேர்ந்து தினமும் இங்கதானே உக்காருறேன். வெளியில போனா குடை பிடிச்சுட்டுதான் போவேன். வேணுங்கறது வீட்லயே கிடைக்குதேன்னு."

இடுப்பு வலிக்குதுன்னு ரெண்டு வருஷமா சொல்றா. ஒரு நாள் காது கொடுத்துக் கேட்டேனா? அந்த இடுப்ப வச்சுக்கிட்டுதானே என்னைத் தூக்கினா —

ரத்தம் கொடுக்கச் சொன்னேன். "முதல்ல நீங்க கீழ இறங்குங்க. சேர்ந்து போலாம். அதுவரைக்கும் நச்சரிக்காதீங்க."

என்னால் அவளும் இங்கேயே.

மே 11, திங்கள்

பத்திரிகை ஆசிரியரிடம் போனில் பேசினேன். என் மேஜையருகே உட்கார்ந்து வேலை கற்றவர்.

"சார், ஒன்பது வருஷம் ஆச்சு. இப்ப யாரு ஞாபகம் வச்சிருப்பாங்க?"

"என் வீட்டு ஃப்ரிட்ஜ்."

நாலு வரி அனுப்பச் சொன்னார். மூன்றில் முடிந்துவிட்டது.

மே 17, ஞாயிறு

ஆறாம் பக்கத்தின் அடியில் திருத்தம். மனைவி பழைய கட்டுரையை எடுக்கவில்லை. திருத்தத்தை அதன் மேலேயே வைத்தாள், அதே காந்தம்.

ஜூன் 9

கை ஊன்றாமல் எழுந்தேன். ஒரே தடவை. யாரும் பார்க்கவில்லை. ஆகவே உறுதியாகாத செய்தி.

ஜூன் 23, செவ்வாய்

அறுபத்து நாலு படியும் இறங்கினேன். ஆதாரம், சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டே வந்தவள்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்றோம். "உக்காரணுமா?" என்றாள். "உனக்கு?" என்றேன். கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள். குடை எடுத்து வரவில்லை.

பரிசோதனைக்கூடத்தில் ஊசியோடு வந்த பெண்ணிடம் பழக்கத்தில் நான் கையை நீட்டினேன்.

"இந்தத் தடவை எனக்கு," என்றாள் மனைவி.

அவளுடைய எண் வியாழன் மாலை ஆறு மணிக்குத் தெரியும்.