அம்மனுக்குப் போட்ட உப்பு

இன்று காலை ஃபிரிட்ஜின் மேல் தூசி தட்டும்போது நம் மகளின் மாத்திரை டப்பா கையில் பட்டது. எடுத்தால் கனத்தது. போன மாதம் நானே நகரி கடைவீதியில் வாங்கிவந்தது. இந்நேரம் கொஞ்சமாவது குறைந்திருக்க வேண்டும். திறந்து பார்த்தால் வாங்கியது வாங்கியபடி இருக்கிறது. உனக்குத் தெரியாதே, அவள் இப்போது ஐந்து மாதம். தடாவில் கம்பெனி வேலைக்கு லீவு போட்டுவிட்டு நம் வீட்டுக்கு வந்திருக்கிறாள். உனக்கு வந்த அதே தைராய்டு அவளுக்கும். மாத்திரையை விட்டால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு ஆபத்து என்று டாக்டரம்மா அழுத்திச் சொல்லித்தான் அனுப்பினார். இவள் என்னடாவென்றால் டப்பாவைத் தொடவே இல்லை.

கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: “அம்மாவுக்கு அம்மன்தான நைனா கழுத்து வீக்கத்த கரைச்சுது? பெரிம்மா சொல்லிச்சு. வயித்துல புள்ளய வெச்சிக்கினு நான் எதுக்கு மாத்திர துன்னணும்?”

உன் அக்கா இப்படி ஏதாவது கிளப்பிவிடுவாள் என்று தெரிந்ததுதான். ஆனால் அவளை மறுத்துப் பேச என்னிடம் என்ன இருக்கிறது? உன் கழுத்து எதனால் இளைத்தது என்று சத்தியமாக எனக்கும் தெரியாது.

முதலில் உன் குரல்தான் கம்மியது. விசைத்தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே பேசுகிற தெருவில் யாருக்குத்தான் தொண்டை ஒழுங்காக இருக்கிறது? பனங்கற்கண்டு வாங்கி வந்தேன். பிறகு தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே உட்கார்ந்து தூங்க ஆரம்பித்தாய். உடம்பு ஊதியது. தாலிக்கயிறு இறுக்குகிறது என்றாய். கயிறு சரியில்லை என்று இருவருமாகப் பேசி முடிவுசெய்து புதுக்கயிறு மாற்றினோம். வீடு வீடாக வரும் நர்சம்மாதான் உன் கழுத்து வீங்கியிருப்பதைப் பார்த்தார். அயோடின் கலந்த பாக்கெட் உப்பையே சமையலுக்குப் போடு, திருப்பதிக்குப் போய் டாக்டரிடம் காட்டு என்றார்.

திருப்பதிக்குப் போக நாள் பார்த்துக்கொண்டிருந்தாய். பாக்கெட் உப்பை மட்டும் அன்றே வாங்கினாய். வாங்கி என்ன செய்தாய்? ஏரிக்கரை அம்மன் கோயில் தொட்டியில் கொண்டுபோய்க் கொட்டினாய். கட்டியோ மருவோ வீக்கமோ, எது வந்தாலும் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு உப்பைத் தண்ணீரில் கரைத்துவிட்டு வருவது நம் பக்கத்து வழக்கம்தான். ஆனால் மற்றவர்கள் கல்லுப்பைப் போடுவார்கள். நீ மட்டும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பாக்கெட் பாக்கெட்டாக அயோடின் உப்பு போட்டாய். நம் வீட்டுக் குழம்புக்கோ தள்ளுவண்டியில் வரும் மூட்டைக் கல்லுப்பு. ஏன் இப்படித் தலைகீழாகச் செய்கிறாய் என்று கேட்டால், ஒசத்தியானதை அவளுக்குப் போடாமல் நாம் தின்பதா என்று என் வாயை அடைத்தாய்.

திருப்பதி டாக்டரிடம் இதை நான்தான் போட்டுக்கொடுத்தேன். தெலுங்குக்காரர், நல்ல மனிதர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அம்மவாரிக்கி தைராய்டு லேதம்மா, மீக்கு உந்தி,” என்றார். அம்மனுக்குத் தைராய்டு இல்லை, உனக்குத்தான் இருக்கிறது என்று சொன்னதும் நீயும் சிரித்துவிட்டாய். மூட்டை உப்பில் அயோடின் கிடையாது, பாக்கெட் உப்பைச் சமையலில் சேர், வெறும் வயிற்றில் தினமும் மாத்திரை போடு என்றார். அப்படியானால் உப்பைக் கொஞ்சம் தாராளமாகவே போடலாமா என்று கேட்டேன். கூடாதாம். அயோடின் குறைந்தாலும் கழுத்து வீங்குமாம், கூடினாலும் வீங்குமாம். இது என்ன கணக்கு என்று பஸ்ஸில் புத்தூர் வரும்வரை யோசித்தேன், பிடிபடவில்லை. நீ ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு பாதி பாக்கெட் அம்மனுக்கு, பாதி அடுப்படிக்கு என்று நீயே பாகம் பிரித்தாய். மாத்திரையும் விடவில்லை. மெதுமெதுவாகக் கழுத்து இளைத்தது. குரல் திரும்பி வந்து, பழையபடி தெருக்கோடிவரை கேட்க என்னைத் திட்டினாய். மாத்திரைதான் வேலை செய்தது என்றார் டாக்டர். நர்சம்மா உப்பைச் சொன்னார். உன் அக்கா அம்மன் என்றாள். எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு வந்த நான் எந்தக் கட்சி என்று எனக்கே தெரியவில்லை. பிறகு ஒரு காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டுபோனது. கழுத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். அதுவும் எனக்கு விளங்கவில்லை. உன்னைப் பற்றி எனக்கு விளங்காதது இத்தனை இருக்கும்போது நீ பாட்டுக்குப் போய்விட்டாயே என்று கோபமாகக்கூட வருகிறது.

மாத்திரைதான் குணப்படுத்தியது என்று மகளிடம் சொல்லிவிடலாம். வெயிலில் செருப்பில்லாமல் ஏரிக்கரைக்கு நடந்த உன் வெள்ளிக்கிழமைகளை வீண் என்று சொல்ல எனக்கு நா எழாது. அம்மன்தான் என்று சொன்னால் வயிற்றுப் பிள்ளையின் கதி என்ன? மத்தியானம்வரை தறிப்பக்கம் போகாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தேன். அப்போதுதான், ஒருநாள் நான் உன்னைச் சீண்டியதற்கு நீ சொன்னது நினைவுக்கு வந்தது. கழுத்தை அம்மன் பார்த்துக்கொள்வாள் என்றால் உனக்கு மாத்திரை எதற்கு என்று கேட்டிருந்தேன். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டு நீ சொன்னாய்: “கரைக்கறது அவ வேல. மாத்திர துன்றது என் வேல. ரெண்டையும் அவ தலைல கட்டினா எப்டிய்யா?”

மகளிடம் இதை அப்படியே சொன்னேன். “அம்மா அப்டியா சொல்லிச்சு?” என்று மட்டும் கேட்டாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலையில் மறக்காமல் எழுப்பிவிடு நைனா என்றாள்.

உன் கழுத்தை எது கரைத்தது என்பது எனக்கு இப்போதும் குழப்பம்தான். இனிமேல் தெளியப் போவதுமில்லை. ஆனால் எது யார் வேலை என்று நீ பிரித்துவைத்ததை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அம்மன் வேலையை அம்மன் பார்ப்பாள். மாத்திரை போடுவது மகளின் வேலை. விடிந்ததும் அவளை எழுப்பும் வேலை உன்னுடையது; அதை இனி நான் செய்கிறேன்.